எல்லோர் கையிலும் மேப் இருக்கும்போது சுற்றுலாத் தகவல் மையத்தில் என்ன வேலை?

சுற்றுலாத் தகவல் மையத்தில் கவுன்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பிக்கலாமா, அங்கே தினமும் என்னதான் வேலை இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இரண்டு விஷயங்களையும் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று, நீங்கள் அதிகம் பேசாதவர். இன்னொன்று, எல்லோர் கையிலும் போன் இருக்கிற காலத்தில் இந்த வேலை இன்னும் சில வருடங்கள் தாங்குமா என்ற சந்தேகம். எனக்கு என்னவோ அந்த இரண்டும்தான் உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது: இந்த வேலைக்கு இன்னும் தேவை இருக்கிறதா, உங்களைப் போன்ற ஒருவர் அதில் நிலைக்க முடியுமா. பல வருடம் கவுன்டரில் நின்றவன், பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்குத் துணிந்து பதில் சொல்வேன். முதல் கேள்விக்கு என் கணிப்பைத்தான் சொல்ல முடியும். நிதி ஒதுக்குகிற இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

முதலில் ஒரு ஏமாற்றத்தைத் தீர்த்துவிடுகிறேன். கோபுரத்தின் வரலாறு, ஓவியத்தின் காலம் என்று யாராவது கேட்பார்கள், நாம் விளக்கலாம் என்று நினைத்துக்கொண்டு சேர்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர் எப்போதாவது வருவார். மற்றபடி நாள் முழுக்க வருவது கழிப்பறை எங்கே, பெட்டியை எங்கே வைத்துவிட்டுப் போகலாம், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, இன்றைக்குத் திறந்திருக்கிறதா, ஏடிஎம் பக்கத்தில் இருக்கிறதா, போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா. இதே கேள்விகளை ஒரே நாளில் எத்தனையோ முறை கேட்பீர்கள். உங்களுக்கு அது எத்தனையாவது முறை என்பது கேட்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவருக்கு அது முதல் முறை. இதில் சலிப்பு வருமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வரலாற்று அறிவை விட இதுதான் பெரிய தகுதி.

ஆனால் அந்தச் சாதாரணக் கேள்விகளுக்கு உள்ளேதான் வேலையே இருக்கிறது. நூலகங்களில் ஆய்வு செய்த ராபர்ட் டெய்லர் என்பவர் 1968இல் ஒன்றைச் சொன்னார். மனிதருக்குள் முதலில் எழுவது வார்த்தையே இல்லாத ஒரு தேவை. அது மெல்ல நினைவுக்கு வருகிறது, பிறகு வார்த்தையாகிறது. கடைசியில் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும்போது, எதிரில் இருப்பவரால் எதற்குப் பதில் சொல்ல முடியும் என்று தானாகவே ஊகித்து, அதற்கு ஏற்றபடி கேள்வியை வெட்டிச் சுருக்கிக் கேட்கிறார். அதாவது நம் காதில் விழுவது நறுக்கப்பட்ட கேள்வி. நூலகத்துக்குச் சொன்னது எங்கள் கவுன்டருக்கு அப்படியே பொருந்தும். மாலை நாலு மணிக்கு ஒருவர் வந்து "அருவி எவ்வளவு தூரம்?" என்கிறார். ஆறு கிலோமீட்டர் என்பது சரியான பதில்தான், ஆனால் அவருக்கு உதவாது. இருட்டுவதற்குள் போய்த் திரும்ப முடியுமா என்பதுதான் அவர் மனசில் இருப்பது. மழை நாளில் இரண்டு குழந்தைகளோடு வந்து "மியூசியம் எங்கே?" என்று கேட்கும் பெண்ணுக்கு மியூசியத்தின் மீது ஆசை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கூரை உள்ள, குழந்தைகள் கத்தினால் யாரும் முறைக்காத ஓர் இடம் போதுமாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மனோதத்துவம் தேவையில்லை. எவ்வளவு நேரம் இருக்கிறது, கூட யார் வருகிறார்கள், எதில் போவதாக உத்தேசம் என்ற மூன்றைக் கேட்டால் பெரும்பாலும் போதும். விசாரணை போல் அடுக்கக் கூடாது, பேச்சோடு பேச்சாக வர வேண்டும். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இங்கேதான் அதிகம் பேசாதவருக்கு அனுகூலம். பயிற்சியில் நான் அதிகம் திருத்தியது கலகலப்பான ஆட்களைத்தான். அருவி என்ற சொல்லைக் கேட்டதுமே அருவியின் அழகு, போகும் வழி, எடுத்துப் போக வேண்டிய உடை என்று ஆரம்பித்துவிடுவார்கள். எதிரில் நிற்பவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அந்நியரிடம் முதல் வார்த்தை பேசவே உங்களுக்கு நடுக்கம் என்றால் அது வேறு விஷயம், ஆனால் இங்கே முதல் வார்த்தையை எதிராளிதான் பேசுகிறார். அந்த நடுக்கம் சில வாரங்களில் குறைந்துவிடுவதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் குறையும் என்று சொல்ல மாட்டேன்.

சரி, போன் இருக்கிறதே என்ற கேள்விக்கு வருவோம். கூகுள் மேப்ஸ் வந்தது 2005இல். அதற்கு முன்பு எங்கள் வேலையில் பாதி வழி சொல்வது, அந்தப் பாதியைப் போன் கொண்டுபோய்விட்டது உண்மை. அதை நினைத்து வருத்தப்படுவதிலும் பயனில்லை, மறுப்பதிலும் பயனில்லை. மிச்சமிருப்பது என்ன என்றால், "இன்றைக்கு" என்ற ஒரு சமாச்சாரம். போனில் படகு காலை பத்து மணிக்கு என்று இருக்கும். காற்று பலமாக இருப்பதால் இன்று படகு விடவில்லை என்பது படகுத்துறையில் இருப்பவருக்குத் தெரியும், அவருக்குப் போன் போட்டுக் கேட்ட நமக்குத் தெரியும். கோட்டையின் மேல்தளம் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது, விடுமுறை நாள் என்பதால் கடைசி பஸ் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடும், நேற்றைய மழையில் பாதையில் மரம் விழுந்திருக்கிறது. இப்படிப்பட்டவைதான் எங்கள் சரக்கு. இவற்றை யாராவது தினமும் காலையில் திரட்டியாக வேண்டும். கவுன்டர் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் நடக்கும் அந்த வேலையை வெளியில் இருந்து பார்ப்பவர்கள் அறியவே மாட்டார்கள்.

திரட்டுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. அந்த இடத்தை நடத்துபவரிடமே நேராகக் கேட்டது முதல் தரம். அவர்கள் ஒட்டிய அறிவிப்பு அடுத்தது. இணையதளம் அதற்கும் அடுத்தது, ஏனென்றால் சீசன் மாறினாலும் பழைய நேரம் அதில் அப்படியே கிடக்கும். டாக்சிக்காரர் சொன்னார், நேற்று வந்த பயணி சொன்னார் என்பவை விசாரிக்கத் தூண்டுகிற செய்திகள், அதற்கு மேல் இல்லை. யார் சொன்னது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த ஷிப்டில் வருபவர் திண்டாட மாட்டார்.

எதிரில் நிற்பவரிடம் சொல்லும்போதும் இந்தத் தரவரிசை குரலில் தெரிய வேண்டும். "இப்போதுதான் கேட்டேன், திறந்திருக்கிறது" என்பது ஒன்று. "நேற்று வரை ஆறு மணிக்குத்தான் மூடினார்கள், இன்று நான் விசாரிக்கவில்லை" என்பது வேறு. "தெரியாது, இரண்டு நிமிஷம் இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்பது மூன்றாவது. மூன்றுமே மரியாதையான பதில்கள். தெரியாது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அரைகுறை. தெரிந்த மாதிரி ஊகித்துச் சொல்வதுதான் இந்த வேலையில் மன்னிக்க முடியாத குற்றம். ஒருவர் அந்த ஊரில் இருக்கப்போவதே ஒரு நாள் என்றால், நம் ஊகம் அவருடைய அந்த ஒரே நாளைத் தின்றுவிடும். திரும்பி வந்து சண்டை போடக்கூட அவருக்கு நேரம் இருக்காது. அதனால் நம் தவறுகள் நம் காதுக்கு வந்து சேராமலே போகும் ஆபத்தும் இருக்கிறது.

நடைப்பயணம் பற்றிக் கேட்பவர்களுக்குத் தூரத்தைச் சொல்லாதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்னும் கைகொடுக்கிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்த ஆறு கிலோமீட்டர் அருவிப் பாதையில் 300 மீட்டர் ஏற்றம் இருந்தால் போவதற்கு மட்டுமே ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவும் நல்ல உடல்வாகு உள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தால். குழந்தைகள், வயதானவர்கள், வெயில், போட்டோ எடுக்க நிற்பது எல்லாம் சேர்ந்தால் அது எங்கேயோ போய்விடும். செங்குத்தான இறக்கத்தில் திரும்பி வரும்போது நேரம் மிச்சமாகும் என்று நம்பவே கூடாது. இதோடு சூரியன் மறையும் நேரத்தையும் வைத்துப் பார்த்தால் நாலு மணிக்கு வந்தவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்: நாளைக் காலை போங்கள், இன்று மாலைக்கு வேறு இடம் காட்டுகிறேன்.

காகித மேப்பில் வழி காட்டுவது இன்னும் சாகவில்லை, குறிப்பாக நெட்வொர்க் இல்லாத இடங்களுக்குப் போகிறவர்களுக்கு. மேப்பை எதிரில் நிற்பவர் பக்கம் திருப்பி வையுங்கள், தலைகீழாகப் படிக்க வேண்டியவர் நீங்கள்தான். முதலில் நாம் நிற்கும் இடத்தில் ஒரு வட்டம். பிறகு கண்ணில் படுகிற அடையாளங்களை வைத்து வழி. நகர அமைப்பு ஆய்வாளர் கெவின் லிஞ்ச் 1960இல் சொன்னபடி, மனிதர்கள் ஒரு நகரத்தைப் பாதைகள், எல்லைகள், பகுதிகள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் ஆகிய ஐந்தாகத்தான் மனதில் பதித்துக்கொள்கிறார்கள். வடக்கே நானூறு மீட்டர் என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. பாலத்தைத் தாண்டியதும் மணிக்கூண்டு தெரியும், அதன் இடப்பக்கம் என்றால் புரியும். சொல்லி முடித்ததும் அவரையே ஒருமுறை திருப்பிச் சொல்ல வையுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

தேதி, நேரம் இரண்டிலும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 03/04 என்று எழுதினால் ஒரு நாட்டுக்காரர் ஏப்ரல் 3 என்று படிப்பார், இன்னொருவர் மார்ச் 4 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில்தான் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு 12.30க்கு ரயில் என்றால் அது எந்த இரவு? வெள்ளி முடிந்து சனி பிறந்த பிறகா, வியாழன் இரவா? இப்படி ஒருநாள் தள்ளி ரயில் நிலையத்தில் போய் நிற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிழமை, தேதி, 24 மணி நேரக் கணக்கு மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுப்பது அரை நிமிஷ வேலை.

மொழி பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: ஐரோப்பியக் கவுன்சிலின் மொழித் தரவரிசையில் பி2 என்று ஒரு நிலை இருக்கிறது. பெரிதாகத் திக்காமல் உரையாட முடியும், எதிர்பாராத சிக்கலையும் விளக்கிச் சொல்ல முடியும் என்ற நிலை அது. ஆங்கிலத்தில் அந்த அளவு இருந்தால் கவுன்டரை ஓட்டிவிடலாம் என்பது என் கருத்து. மூன்றாவது மொழி ஒன்றில் எண்களும் திசைகளும் மரியாதைச் சொற்களும் தெரிந்தால் கூடுதல் பலம். எதிராளிக்குப் புரியவில்லை என்றால் பலரும் குரலை உயர்த்துகிறார்கள். குரலை உயர்த்துவதில் பயனில்லை, வாக்கியத்தைத்தான் சுருக்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலிகள் இப்போது நன்றாகவே உதவுகின்றன. ஆனால் அவற்றை நம்பி விலை, நேரம், "கூடாது" என்ற மூன்றையும் ஒப்படைக்காதீர்கள். எண்ணை எழுதிக் காட்டுங்கள், கூடாது என்பதைக் கையால் காட்டுங்கள்.

இனி கொஞ்சம் சங்கடமான பகுதி. "இங்கே நல்ல ஓட்டல் எது?" என்று தினமும் கேட்பார்கள். உங்களுக்குப் பிடித்த ஒன்று மனதில் இருக்கும், அதைச் சொல்லக் கூடாது. பெரும்பாலான மையங்கள் பொதுப்பணத்தில் நடக்கின்றன, அல்லது ஊரில் உள்ள எல்லா வணிகர்களும் சேர்ந்து பணம் போட்டு நடத்துகிறார்கள். ஒருவருக்குச் சாய்ந்தால் மற்றவர்களுக்குச் செய்கிற துரோகம் அது. அதற்காக முழுப் பட்டியலை நீட்டிவிட்டு "நீங்களே பாருங்கள்" என்பதும் பதில் அல்ல. அவருடைய நிபந்தனைகளைக் கேட்டு, அதற்குள் வருகிற இரண்டு மூன்றைக் காட்டி, எது எதில் வேறுபடுகிறது என்று சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விட வேண்டும். உலகச் சுற்றுலா அமைப்பு 1999இல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் ஏற்றுக்கொண்ட உலகளாவிய சுற்றுலா நெறிமுறையின் 6ஆவது பிரிவு, போகும் இடம் பற்றியும் பயண நிலைமைகள் பற்றியும் பாரபட்சமில்லாத, நேர்மையான தகவல் தருவது சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களின் கடமை என்கிறது. தகவல் மையங்களுக்கென்றே ஐஎஸ்ஓ 14785 என்ற தர நிர்ணயமும் 2014இல் வந்திருக்கிறது. நீங்கள் சேரும் மையம் அதைப் பின்பற்றுகிறதோ இல்லையோ, ஒரு மையத்திடம் குறைந்தபட்சம் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

நேர்மை என்றால் கெட்டதையும் சொல்வது. கடற்கரையில் இந்த வாரம் ஜெல்லி மீன்கள் வந்திருந்தால் சொல்லியாக வேண்டும். காட்சி முனையில் பனி மூடி ஒன்றும் தெரியவில்லை என்றால், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஊரின் பெயரைக் கெடுக்கிறாய் என்று சில வியாபாரிகள் கோபிப்பார்கள். பரவாயில்லை. சில மையங்களே டூர் டிக்கெட் விற்கின்றன, அதில் கமிஷன் வருகிறது. அது தவறில்லை, ஆனால் அந்த இடத்தில் நிற்பவர் தான் விற்கிறோமா, தகவல் சொல்கிறோமா என்பதைத் தனக்குள்ளாவது தெளிவாக வைத்திருக்க வேண்டும். நீங்கள் கைடும் இல்லை, டிராவல் ஏஜென்டும் இல்லை. ஆனால் நம் மூவரையும் ஒன்றாக நினைத்துத்தான் வருபவர்கள் கேட்பார்கள்.

எல்லை தாண்டக் கூடாத இன்னும் சில இடங்கள் உண்டு. விசா அதில் முதலாவது. உதாரணத்துக்கு ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியில் குறுகிய காலத் தங்கல், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்கள்தான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த 180 நாள் ஜன்னல் தினமும் ஒரு நாள் நகர்ந்துகொண்டே இருப்பதால், வெளியே போய் வந்தவர்களின் கணக்கு சட்டென்று சிக்கிவிடும். கவுன்டரில் நின்று விரல் விட்டு எண்ணி "இன்னும் பத்து நாள் இருக்கலாம்" என்று சொல்ல நமக்கு அதிகாரமும் இல்லை, பொறுப்பேற்க வழியும் இல்லை. குடிவரவு அலுவலகத்தின் முகவரியைக் கொடுப்பதோடு நிறுத்த வேண்டும். மருந்து, சட்டம் இரண்டும் இதே கணக்குத்தான்.

பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்கள் உங்களிடம் நிச்சயம் வருவார்கள். முதலில் நாற்காலி, தண்ணீர். பிறகு கடைசியாக எங்கே எடுத்துப் பார்த்தீர்கள் என்ற கேள்வி, ஏனென்றால் பாதி நேரம் அது ஓட்டல் ரிசப்ஷனில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் போலீஸ் புகார், அடுத்து அவர்கள் நாட்டுத் தூதரகம். தன் நாட்டவருக்குப் பாஸ்போர்ட்டும் பயண ஆவணமும் கொடுப்பது துணைத்தூதரகத்தின் பணி என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தமே சொல்கிறது. நம் பங்கு அந்த முகவரி, வேலை நேரம், போன் எண் மூன்றையும் தயாராக வைத்திருப்பதும், வார இறுதியில் மூடியிருந்தால் அவசர எண் எது என்று தெரிந்து வைத்திருப்பதும். திருட்டு, தொந்தரவு என்று புகார் சொல்ல வருபவரைக் கவுன்டர் வரிசைக்கு நடுவில் நிற்கவைத்துப் பேசக் கூடாது. உள்ளே கூட்டிப் போக ஓர் அறை இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தகவலில்தான் எங்கள் தொழில் பெரும்பாலும் சறுக்குகிறது. 2006ஆம் ஆண்டின் ஐநா உடன்படிக்கை, அதன் 30ஆவது பிரிவில், சுற்றுலா இடங்களை அணுகுவதை உரிமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. "வீல்சேர் போகுமா?" என்ற கேள்விக்குப் "போகும்" என்பது பதில் அல்ல. வாசலில் எத்தனை படி, கதவு எத்தனை சென்டிமீட்டர், தரையில் என்ன கல், கழிப்பறைக்குள் நாற்காலியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்பதுதான் பதில். சரிவுப்பாதை இருக்கிறது என்றால் எவ்வளவு சரிவு என்று சொல்ல வேண்டும். அமெரிக்க விதியில் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக் கூடாது. பல இடங்களில் பலகையைச் சாய்த்துப் போட்டுவிட்டு அதையே சரிவுப்பாதை என்பார்கள். ஓய்வான ஒரு மதியத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து வந்தால், அந்தப் பட்டியல் எந்தப் புரோஷரையும் விட மதிப்புள்ளது. போகுமா போகாதா என்ற முடிவை வீல்சேரில் இருப்பவரே எடுப்பார். அவருக்கு அளவு தெரிந்தால் போதும்.

மனச்சோர்வு பற்றியும் சொல்ல வேண்டும். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல், முகத்தில் ஓர் உணர்ச்சியைக் காட்டுவதே சம்பளத்துக்குரிய உழைப்பு ஆகிவிடுகிற வேலைகளைப் பற்றி எழுதினார். எங்கள் வேலை அந்த ரகம்தான். மழை பெய்தது, ரயில் தாமதம், அருவியில் தண்ணீர் இல்லை என்று எல்லாவற்றுக்கும் நம் மீதுதான் கோபம் இறங்கும், ஏனென்றால் ஊரின் சார்பில் ஒரு முகம் அங்கே நாம் மட்டும்தான். நம் தவறு இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாலும் உள்ளே ஏதோ தேய்ந்துபோகும். "நாள் வீணாகிவிட்டதே, மிச்சமிருக்கிற நேரத்தில் என்ன செய்யலாம் பார்ப்போம்" என்று கோபத்தை அடுத்த காரியத்துக்குத் திருப்புவது பழகினால் வரும். ஊரே விடுமுறையில் இருக்கும்போது நமக்குத்தான் அதிக வேலை. பண்டிகையும் வார இறுதியும் மறந்துவிட வேண்டியதுதான். சீசனில் சாப்பிட நேரம் கிடைக்காது, சீசன் இல்லாதபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். சம்பளம் பொதுவாக அடக்கமானது, பதவி உயர்வுக்கான படிகளும் குறைவு.

ஆனால் பொழுது போகாத அந்த மாதங்களில்தான் பின்னறை வேலை நடக்கும். நிகழ்ச்சி நாட்காட்டியைப் புதுப்பிப்பது, வருகிற மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது, துண்டுப்பிரசுர இருப்பைக் கணக்கிடுவது, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று தொகுப்பது. இணைய மேப்களில் தவறாக இருக்கும் நேரங்களையும் பாதைகளையும் திருத்துவதை இப்போது பல மையங்கள் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். போன் நம் வேலையைப் பறிக்கிறது என்றார்களே, அந்தப் போனில் இருப்பதைச் சரியாக வைத்திருப்பது யார்? நுணுக்கமாக எழுதவும் பொறுமையாகச் சரிபார்க்கவும் தெரிந்த, அதிகம் பேசாத ஒருவருக்கு இந்தப் பின்னறைதான் சொந்த வீடு.

இனி எதிர்காலம். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உலகளவில் நாடு விட்டு நாடு போகும் சுற்றுலாப் பயணங்கள் 2024இல் சுமார் 140 கோடி என்று ஐநா சுற்றுலா அமைப்பு கணக்கிட்டது. பயணிகள் குறையவில்லை. அதே 2024இல் ஸ்காட்லாந்தின் தேசியச் சுற்றுலா அமைப்பு, மக்கள் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் எல்லாவற்றையும் தேடி முடித்துவிடுகிறார்கள் என்று சொல்லி, தன் தகவல் மையங்கள் அனைத்தையும் படிப்படியாக மூடுவதாக அறிவித்தது. இன்னொரு பக்கம் ஜப்பானின் தேசியச் சுற்றுலா அமைப்பு, வெளிநாட்டவருக்கு உதவும் மையங்களைத் தரம் பிரித்துச் சான்றளித்து வருகிறது, எத்தனை மொழியில் உதவ முடியும் என்பது அதில் முக்கியமான அளவுகோல். ஆக, ஒரே திசையில் எல்லாரும் போகவில்லை. இதற்கு மேல் சொல்வது என் ஊகம். மேப்பையும் புரோஷரையும் மட்டும் எடுத்துக்கொடுத்த மையங்கள் நிற்காது. கூட்டம் தாங்காத இடத்திலிருந்து பயணிகளை வேறு இடங்களுக்குத் திருப்புவது, அன்றன்றைய நிலவரத்தைச் சரிபார்த்துத் தருவது, சிக்கலில் மாட்டியவருக்குத் துணை நிற்பது என்று மாறிக்கொண்டவை நிற்கும். செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்த பயணத் திட்டத்தோடு வந்து, எப்போதோ நின்றுபோன படகுக்கு டிக்கெட் கேட்பவர்களை இப்போதே பார்க்கலாம். அந்தக் கருவிகள் தேறிவிடவும் கூடும். பத்து வருடக் கணக்கை நம்பி இந்த வேலையில் சேராதீர்கள். ஆனால் இங்கே பழகும் விசாரிக்கும் முறையும் சரிபார்க்கும் பழக்கமும் ஓட்டல், விமான நிலையம், அருங்காட்சியகம், நூலகம், வாடிக்கையாளர் சேவை எங்கு போனாலும் செல்லும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஏதாவது ஒரு தகவல் மையத்துக்குப் பயணியாகப் போய் ஒரு சாதாரணக் கேள்வி கேளுங்கள். அவர் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்கிறாரா, கையில் காகிதத்தைத் திணித்து அனுப்பிவிடுகிறாரா என்று பாருங்கள். பத்து நிமிஷம் ஓரமாக நின்று மற்றவர்கள் கேட்பதையும் கவனியுங்கள். அந்த இடத்தில் நிற்க உங்களுக்குப் பிடிக்குமா என்பது நான் எழுதியதைப் படிப்பதை விட அங்கே தெளிவாகும். நேர்முகத் தேர்வில் "வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சீசனுக்கு மட்டுமான ஒப்பந்தமா, விற்பனை இலக்கு உண்டா, தனியாக ஷிப்ட் பார்க்க வேண்டி வருமா, தகவலைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் திட்டவட்டமாக ஒரு பெயரோ பதவியோ சொன்னால் அது நல்ல மையம். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை என்று அர்த்தம். அந்த வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிடலாம், உங்கள் சுபாவத்துக்கு அது பொருந்தும்.